அந்த வரியைச் சொல்லாத டீச்சர்

செபம் பாதியில் போய்க்கொண்டிருக்கும்போது டீச்சர் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். நாங்கள் அப்படியே நின்றுவிடுவோம்.

"இப்ப என்னா சொன்னீங்க?"

யாருக்கும் தெரியாது. வாய் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கும். மனது கேட்டுக்கு வெளியே நிற்கும் ஐஸ் வண்டியிடம் போயிருக்கும்.

"வாயில ரேடியோ ஓடுது. சாமிக்கு எதுக்கு ரேடியோ? அர்த்தம் பண்ணிச் சொல்லுங்க. சொல்ல முடியலன்னா சும்மா நில்லுங்க. சும்மா நிக்கிறது தப்பில்ல. பொய்யா செபம் சொல்றதுதான் தப்பு."

இதை அவர் சொல்லாத ஞாயிற்றுக்கிழமையே கிடையாது.

விருத்தாசலத்தில் எங்கள் மாதா கோயிலை ஒட்டி ஒரு பள்ளிக்கூட அறை இருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் அங்கேதான் மறைக்கல்வி வகுப்பு. புதுநன்மை வாங்கப்போகிற, அதாவது முதல் முறையாக நற்கருணை அப்பம் பெறப்போகிற பிள்ளைகளுக்கு அவர்தான் டீச்சர். படித்து டீச்சரானவர் இல்லை. வாரநாட்களில் பீங்கான் பொம்மை செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரங்களில் பிசிறு நிற்கும். அதைச் சின்னக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து வைக்க வேண்டும். பிள்ளையார், மாதா, புத்தர், கன்னத்தில் கைவைத்த குழந்தை, எல்லாரும் அவர் கையைத் தாண்டித்தான் சூளைக்குள் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாலும் நக இடுக்கில் வெள்ளை மண் இருக்கும்.

"டீச்சர், புள்ளையார் பொம்மைய தொடைச்சா நமக்குப் பாவமா?" என்று ஒருவன் கேட்டான்.

"ஒழுங்கா தொடைக்கலன்னாதான்டா பாவம். கூலி வாங்கறேன் இல்ல?"

உயரமாக, ஒல்லியாக இருப்பார். சட்டென்று சிரிக்க மாட்டார். பையில் வேகவைத்த மல்லாட்டை கொண்டுவருவார். வகுப்பு முடிந்ததும் ஆளுக்கு ஒரு கை. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் பெயர். கொடுக்கும்போதுகூட முகத்தில் ஒரு கண்டிப்பு இருக்கும். எங்களில் சிலருக்கு அவரைக் கண்டால் பயம். ஆனால் வகுப்புக்கு வராமல் இருக்க மாட்டோம். எதைக் கேட்டாலும் பதில் சொல்கிற பெரியவர் வேறு யாரும் எங்களுக்கு இல்லை.

பாவசங்கீர்த்தனத்துக்கு எங்களைத் தயார்படுத்திய நாள் நன்றாக நினைவிருக்கிறது. சாமியாரிடம் போய் என்ன பாவம் சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டார். எல்லாரும் ஒரே மாதிரி, "பொய் சொன்னேன், அம்மா பேச்சக் கேக்கல, திருடினேன்" என்று ஒப்பித்தோம்.

"என்னாத்தத் திருடின?" என்று முன்வரிசைப் பையனைப் பிடித்துக்கொண்டார்.

அவன் விழித்தான். "ஒண்ணும் திருடல டீச்சர். எல்லாரும் சொல்றாங்கன்னு சொன்னேன்."

"செய்யாத பாவத்த ஏன்டா வாங்கிக்கிற? உன் பாவம் எதுவோ அத மட்டும் சொல்லு. அதுவே உனக்குப் போதும்."

இன்னொரு நாள் ஒரு பையன், தனக்கு உப்புமா பிடிக்காது, வீட்டில் வாரம் பூராவும் உப்புமாதான், அதற்கும் சாப்பாட்டுச் செபத்தில் நன்றி சொல்லணுமா என்று கேட்டான். நாங்கள் சிரித்துவிட்டோம். டீச்சர் சிரிக்கவில்லை. யோசித்தார்.

"புடிக்கலன்னு மொதல்ல சாமிகிட்ட சொல்லிடு. அப்புறம் பசி போச்சில்ல? அதுக்கு நன்றி சொல்லு. ரெண்டும் நெசம்தான?"

எங்களோடு படித்த ஒரு சிறுமியின் அம்மா மஞ்சள்காமாலையில் இறந்துபோனார். துக்கத்துக்கு வந்த ஒரு அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, "உங்கம்மா ரொம்ப நல்லவங்க பாப்பா. அதான் சாமி சீக்கிரமா கூப்பிட்டுக்கிச்சு" என்றார். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, "அப்ப உங்கள ஏன் கூப்பிடல?" என்று கேட்டுவிட்டாள். வீடே திகைத்துப்போயிற்று. அடுத்த ஞாயிறு அவள் டீச்சரிடம், சாமி ஏன் அம்மாவைக் கூப்பிட்டது என்று கேட்டாள்.

"கூப்பிட்டுச்சான்னே எனக்குத் தெரியாது. தெரியாதத சொல்ல மாட்டேன்" என்றார் டீச்சர். பிறகு அவள் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, "உனக்குக் கோவம் வருதில்ல? எனக்கும் வரும். கோவத்தோடவே செபம் சொல்லலாம். அவரு தாங்குவாரு" என்றார்.

கர்த்தர் கற்பித்த செபத்தில் மன்னிப்பைப் பற்றி ஒரு வரி வருகிறது. எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று கேட்கிற வரி. இந்த வரியில்தான் டீச்சர் எங்களை அதிகமாக நிறுத்துவார். யார் யாரோடு சண்டை என்று அவருக்குத் தெரியும். அக்கா தங்கச்சி இரண்டு பேர் வகுப்பில் இருந்தார்கள். ஒருமுறை தங்கை அக்காவின் ஜாமெட்ரி பாக்ஸை உடைத்துவிட்டாள். அக்கா அவளைப் பார்க்கவே மறுத்து, பெஞ்சின் மறுகோடியில் நின்றபடி அந்த வரியைச் சத்தமாகச் சொன்னாள். மேசை தட்டப்பட்டது.

"மன்னிச்சிட்டியா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப அந்த வரிய வுட்டுடு. மத்ததச் சொல்லு. மன்னிச்ச அன்னைக்கு வந்து இதச் சொல்லு. அவசரமில்ல."

அவர்களுடைய அப்பா நேராகப் பங்குச் சாமியாரிடம் போய், டீச்சர் செபத்தையே மாற்றுகிறார் என்று புகார் சொன்னார். சாமியார் ஊருக்குப் புதிது, இளவயது. வகுப்புக்கே வந்துவிட்டார்.

"என்ன டீச்சர், செபத்துல ஒரு வரிய வுடச் சொல்றீங்களாமே?"

"வுடச் சொல்லல ஃபாதர். நிறுத்தி வச்சிருக்கோம். அந்தப் புள்ள அதுக்கு இன்னும் வந்து சேரல."

"சின்னப் பிள்ளைங்க. சொல்லச் சொல்லத்தானே பழக்கம் வரும்?"

"பழக்கம் வந்துடும் ஃபாதர். மன்னிக்கிறது வராது."

சாமியார், சரி இருக்கட்டும் என்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் போனார். அந்த அக்கா சீக்கிரமே தங்கையை மன்னித்தாள். மன்னித்ததை எழுந்து நின்று அறிவித்துவிட்டு அந்த வரியைத் தனியாகச் சொன்னாள். தங்கைக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். என்னை டீச்சர் முதல் நாளிலிருந்தே முன்வரிசையில், தனக்கு நேரெதிரே உட்காரவைத்திருந்தார். அவர் வாய் அசைவது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வரி வரும்போது அவர் உதடு மூடிக்கொள்ளும். அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொள்வார். ஒவ்வொரு வாரமும் அப்படித்தான். பூசையிலும் பார்த்தேன். கோயிலே சேர்ந்து சொல்லும்போது அவர் மட்டும் பேசாமல் நிற்பார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. வகுப்பில் எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டேன்.

"டீச்சர், நீங்க ஏன் அந்த வரிய சொல்ல மாட்டேங்கறீங்க?"

அவர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நானும் இன்னும் வந்து சேரலம்மா" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் வீட்டில் சாப்பிடும்போது இதை ஒரு வேடிக்கைபோலச் சொன்னேன். டீச்சருக்கே யாரையோ மன்னிக்க முடியவில்லையாம் என்றேன். அப்பா சோற்றில் கைவைத்தபடி அப்படியே இருந்தார். பிறகு தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அம்மா என் தொடையில் கிள்ளினார். ஏன் கிள்ளினார் என்று எனக்குப் புரியவில்லை. அழுதேன். சாயங்காலம் அப்பா வெளியே போன பிறகு அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்.

"உங்கப்பா முன்ன டிராக்டர் ஓட்டினாரு, தெரியுமா? பெண்ணாடத்துல மில்லுக்குக் கரும்பு ஏத்திக்கிட்டுப் போவாரு. நீ அப்பக் கைக்கொழந்த."

எனக்குத் தெரியாது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினார். சைக்கிள்கூட ஓட்ட மாட்டார். எங்கே போனாலும் நடைதான்.

"ரோட்டோரப் பசங்க ஓடியாந்து, போற வண்டியில தொங்கி கரும்பு உருவுவானுங்க. அப்படி உருவுன ஒரு பையன் சக்கரத்துல வுழுந்துட்டான். டீச்சரோட புள்ள. ஒரே புள்ள. அப்ப அவங்க அந்த ரோட்டுலதான் குடியிருந்தாங்க."

"அப்பா மேல தப்பா?"

"பின்னாடி தொங்குனது அவருக்கு எப்படித் தெரியும்? கோர்ட்டுலயும் தப்பில்லன்னுதான் வுட்டாங்க." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஆனா எறங்கிப் பாத்துட்டு ஓடிட்டாரு. கூட்டம் சேந்தா அடிச்சே கொன்னுடுவாங்கன்னு பயம். டிராக்டர அங்கயே வுட்டுட்டு கரும்புக் காட்டுக்குள்ள பூந்து ஓடிட்டாரு. ரோட்டுல வேற ஆளே இல்ல. அப்புறமா வந்த பஸ்ஸுக்காரங்கதான் புள்ளயத் தூக்கினாங்களாம்."

அப்பா ஏன் கோயிலுக்கு வந்தாலும் கேட்டுக்குள் நுழையாமல் சைக்கிள் நிறுத்துகிற இடத்திலேயே நின்றுவிடுகிறார் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

"டீச்சருக்கு நான் யாருன்னு தெரியுமா?"

"உன்னச் சேக்கறதுக்கு முன்னாடி நான் அவங்ககிட்டயே போயி கேட்டேன். 'புள்ளய அனுப்புங்க'ன்னாங்க. வேற ஒண்ணும் பேசல."

அடுத்த ஞாயிறு வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். அதற்கடுத்த ஞாயிறும் வயிற்றுவலி. அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டீச்சர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றும் தெரியவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் கம்பெனி விட்டதும் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முழங்கை வரைக்கும் மண் காய்ந்து வெள்ளையாக இருந்தது. "பாப்பா இருக்குதா?" என்று அவர் வாசலில் கேட்டபோது அப்பா கொல்லைக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார். குரல் காதில் விழுந்ததும் பின்பக்கமாகவே வெளியேறிப் போய்விட்டார். குழாய் திறந்தபடியே கிடந்தது.

டீச்சர் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஓடிட்டாரா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா அழுதார். டீச்சர் தானே போய்க் குழாயை மூடிவிட்டு வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"வயித்து வலியா?"

"இல்ல டீச்சர்." அவரிடம் பொய் சொல்ல வரவில்லை.

"தெரிஞ்சிடுச்சா?"

"ம்."

"அது உங்கப்பாவோடது. நீ அதத் தூக்கிக்கிட்டு வகுப்புக்கு வர வேணாம். நீ மட்டும் வா."

"என்னப் பாத்தா உங்களுக்குக் கோவம் வராதா டீச்சர்?"

வராது என்று வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவர் யோசித்துத்தான் சொன்னார்.

"மொத நாளு வந்துச்சு. உங்கப்பா பேர நீ சொன்னப்ப. உன்னப் பின்னாடி உக்கார வச்சா நான் பாக்காமலே இருந்துடுவேன்னு பயமா இருந்துச்சு. அதான் முன்னாடி உக்கார வச்சேன். இப்ப வரல."

எழுந்து போகும்போது அம்மாவிடம் சொன்னார்: "அவருகிட்ட நான் ஒண்ணு கேக்கணும். இத்தன நாளா கேக்கணும்னு இருக்குறன். கோர்ட்டுல அதுக்கு எடமில்ல. அவரு எப்ப வராரோ வரட்டும். போயிட்டு வரேன்."

அப்பா திரும்பி வந்ததும் அம்மா அப்படியே சொன்னார். "என்னா கேக்கணுமாம்?" என்று அப்பா கேட்டார். சொல்லவில்லை என்றார் அம்மா. 

ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பியபோது அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்கவில்லை. பூசை முடிந்து வகுப்பு தொடங்கிய பிறகு என்னோடு அந்த அறை வாசலுக்கே வந்தார். என் கையை விடவில்லை. 

டீச்சர் அவரைப் பார்த்தார். பிள்ளைகளிடம், "கொஞ்ச நேரம் வெளிய வெளையாடுங்க" என்றார். எல்லாரும் கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் மட்டும் போக முடியாமல் அப்பாவின் பிடியில் நின்றேன்.

"உக்காருங்க" என்றார் டீச்சர். அப்பா உட்காரவில்லை.

"அன்னைக்கு எறங்கி வந்து பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன் டீச்சரம்மா."

"அப்ப அவனுக்கு உசுரு இருந்துச்சா?"

வெளியே பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுகிற சத்தம். அப்பா என்னைக் குனிந்து பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். இல்லை என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் சுலபம் என்பது எனக்கே தெரிந்தது. அப்பா அப்படிச் சொல்லிவிட வேண்டும் என்று நான் விரும்பினேன்.

"இருந்துச்சு" என்றார் அப்பா. "கண்ணு தெறந்திருந்துச்சு. என்னப் பாத்தான். அதப் பாத்துட்டுதான் ஓடினேன்."

டீச்சர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.   நான் பயந்துபோய் அப்பாவோடு ஒட்டிக்கொண்டேன்.

"அந்த நிமிஷமே போயிட்டான்னு எல்லாரும் சொன்னாங்க" என்றார் கடைசியில்.  "டாக்டரு சொன்னாரு. அப்ப இருந்த ஃபாதரும் சொன்னாரு. புள்ளைக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுன்னாங்க. என்னத் தேத்தறதுக்குச் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும். யாருமே நெசத்தச் சொல்லல. நீங்கதான் சொல்லியிருக்கீங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "அவன் கடைசியா பாத்த மூஞ்சி உங்களுது."

அப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்த தோள் குலுங்கியது. "என்ன மன்னிச்சிடுங்க டீச்சரம்மா" என்றார்.

"அது இப்ப வரல. வராதத வந்துச்சின்னு நான் சொல்ல மாட்டேன்." சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போங்க. வகுப்பு இருக்குது."

அப்பா என் கையை விட்டுவிட்டுப் போனார். டீச்சர் வெளியே போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்து, பிள்ளைகளைக் கூப்பிட்டார். செபம் சொல்ல எழுந்து நின்றோம். அன்றைக்கு அவர் எங்களோடு சேர்ந்து சொல்லவே இல்லை. "நீங்க சொல்லுங்க. நான் கேக்கறேன்" என்று மட்டும் சொன்னார். நாங்கள் எவ்வளவு வேகமாகச் சொன்னோமோ தெரியாது, மேசை ஒருமுறைகூடத் தட்டப்படவில்லை.

டீச்சர் இப்போது சேத்தியாத்தோப்பில் தங்கை வீட்டோடு இருக்கிறார் என்று கேள்விப்படுகிறேன். நான் படித்து முடித்துப் பாண்டிச்சேரிக்கு வேலைக்கு வருகிறவரை அதே கோயிலில்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிக்கிற அந்த வரியில் அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அப்பா இறக்கும்வரை அவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு அதில் குறை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. "அந்தம்மா வாயில வந்தா அது நெசமா வரும். வரலன்னா வராதது நெசம்" என்று ஒருமுறை அம்மாவிடம் சொன்னார்.

ஆனால் எனக்கு டீச்சரை நினைத்தால் முதலில் வருவது என் புதுநன்மை நாள்தான். அந்த நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

வெள்ளை கவுன், தலையில் பூக்கிரீடம், கையில் மெழுகுவத்தி. பிள்ளைகள் ஒவ்வொருவரும் அம்மா ஒரு பக்கம் அப்பா ஒரு பக்கமாகக் கோயிலுக்குள் நடந்து போக வேண்டும். வாசலில் வரிசை நின்றது. டீச்சர் ஒவ்வொரு பிள்ளைக்கும் முடியைச் சரிசெய்து, மெழுகுவத்தியை நேராகப் பிடிக்கவைத்துக்கொண்டு வந்தார். அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு எங்களோடு வந்திருந்தார். ஆனால் கேட்டருகே வந்ததும் நின்றுவிட்டார். அம்மா கூப்பிட்டார். நீங்கள் போங்கள் என்று கையாலேயே காட்டினார். மணி அடித்துவிட்டது. பாட்டு தொடங்கிவிட்டது. எனக்கு முன்னால் நின்றவர்கள் நகர ஆரம்பித்தார்கள். என் இடது பக்கம் மட்டும் காலியாக இருந்தது.

டீச்சர் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். என் தோளில் கைவைத்து அப்படியே நிறுத்திவிட்டு, வரிசையை விட்டு விலகி, கேட்டை நோக்கி நடந்தார். அன்றைக்கு அந்த அறையில் பேசியதற்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அப்பா பின்னால் ஓர் அடி நகர்ந்தார். டீச்சர் அவர் எதிரில் போய் நின்றார். பாட்டுச் சத்தத்திலும் எனக்கு அது கேட்டது.

"புள்ள தனியா நிக்குது" என்றார். "இன்னைக்கு வுட்டுட்டுப் போயிடாதீங்க. வாங்க."

 அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்தபடி வந்து, என் இடது கையைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் ஒதுங்கி நின்று எங்களை உள்ளே போகவிட்டார்.